கொத்தமல்லிக் காம்பை நீட்டுவது யார்?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி, வேர் அறாமல் ஒரு செடியை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். வேரிலிருந்து இலை வரை ஓடும் மெல்லிய பச்சைக் குச்சியை எல்லோரும் தண்டு என்றுதான் சொல்கிறோம். அது தண்டு அல்ல, இலைக்காம்பு. பூக்கத் தொடங்காத கொத்தமல்லியின் தண்டு வேருக்கு மேலே ஒரு சின்ன முடிச்சு மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். எல்லா இலைகளும் அந்த முடிச்சிலிருந்துதான் கிளம்புகின்றன. கட்டு நீளமா குட்டையா என்று பேரம் பேசும்போது நாம் பேசுவது காம்பின் நீளத்தைப் பற்றித்தான்.

அந்த நீளம் எதனால் வருகிறது என்று கேட்டால் ஒருவர் விதை என்பார், இன்னொருவர் யூரியா என்பார். இரண்டும் பாதி சரி. விதைக்குள் இருக்கும் மரபணுக்கள் காம்புக்கு 'இத்தனை அங்குலம்' என்று அளவு எழுதி வைத்திருக்கவில்லை. வெளிச்சம் எப்படி, சூடு எப்படி, தண்ணீர் எப்படி என்று பார்த்து நீட்டவும் நிறுத்தவும் தெரிந்த ஒரு ஏற்பாட்டைத்தான் வைத்திருக்கின்றன. அந்த ஏற்பாடு புரிந்தால், தோட்டத்தில் ஒரு காம்பைப் பார்த்தே செடிக்கு என்ன நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் காம்பை அடையாளம் காண வேண்டும். சந்தேகம் வந்தால் இலைக் கக்கத்தைப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் மூலையில் ஒரு குட்டி மொட்டு இருக்கும். கோணமொட்டு என்று பெயர். மொட்டு இருக்கும் இடத்தில்தான் ஒரு இலை தொடங்குகிறது. இந்தக் கணக்கில் முருங்கை ஈர்க்கும் அதில் வரிசையாக ஒட்டியிருக்கும் சிற்றிலைகளும் சேர்ந்தது ஒரே இலை. சிற்றிலைகளின் அடியில் மொட்டு கிடையாது. பப்பாளியில் கிளை போலத் தெரிவதும் காம்புதான். உள்ளே குழாயாக இருப்பதால் பிள்ளைகள் அதை ஒடித்துச் சோப்புத் தண்ணீரில் முட்டை விடுவார்கள். தென்னைக்கு மட்டை, முருங்கைக்கு ஈர்க்கு, கத்தரிக்குக் காம்பு என்று நம் மொழி மூன்று பெயர் வைத்திருக்கிறது. உறுப்பு ஒன்றே. தண்டுக்கீரையில் நாம் சாம்பாருக்கு நறுக்குவது மட்டும் நிஜமான தண்டு.

மடை திறப்பது போல

ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் அதே டி.என்.ஏ.தான் இருக்கிறது. தக்காளியின் மரபணுத் தொகுப்பை 2012இல் முழுதாகப் படித்தபோது சுமார் 35,000 மரபணுக்கள் கணக்கில் வந்தன. வேரில், காயில், காம்பில், எல்லா இடத்திலும் இதே 35,000. பிறகு காம்பு மட்டும் ஏன் காம்பாக இருக்கிறது?

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஏரியில் தண்ணீர் எல்லோருக்கும் பொது. எந்த வயலுக்கு, எப்போது, எவ்வளவு என்பதை மடைதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் டி.என்.ஏ.யில் ஒரு சிறு பகுதி இருக்கிறது, அதுதான் மடை. சில புரதங்கள் வந்து அந்த இடத்தில் ஒட்டினால் மடை திறக்கும், அந்த மரபணு வேலை செய்யும், அது சொல்லும் புரதம் உருவாகும். மடையைத் திறக்கும் புரதத்தை, ஏரி மடையைத் திறந்து மூடும் ஆளான நீர்க்கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்பு விஷயத்தில் முக்கியமான நீர்க்கட்டிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'பிஃப்'.

பிஃப் ஓயாமல் மடை திறக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பைட்டோகுரோம்-பி என்ற இன்னொரு புரதம். செடிக்குக் கண் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும்; 730 நானோமீட்டர் அளவிலான தொலைசிவப்பு ஒளி பட்டால் தூங்கிவிடும். தொலைசிவப்பு என்பது நம் கண்ணுக்கு எட்டும் சிவப்பின் விளிம்புக்கு அப்பால் இருப்பது.

திறந்த வெயிலில் இரண்டு ஒளியும் கிட்டத்தட்டச் சமம். தொலைசிவப்பு 1 என்றால் சிவப்பு 1.2 வாக்கில் இருக்கும். அதே வெயில் ஒரு இலை வழியாக வடிந்து வந்தால் கதை மாறும். பச்சையம் சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும், தொலைசிவப்பை விட்டுவிடும். அடர்ந்த புடலைப் பந்தலுக்குக் கீழே இந்த விகிதம் 0.2க்குக்கூட இறங்கும். கீழே நிற்கும் செடியின் பைட்டோகுரோம் தூங்குகிறது, பிஃப் விடுபடுகிறது, மடை திறக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செடி பார்ப்பது வெளிச்சம் குறைந்ததை மட்டுமல்ல, வெளிச்சத்தின் நிறக் கலவையையும். பக்கத்துச் செடியின் நிழல் மேலே விழ வேண்டும் என்றுகூட இல்லை. அதன் இலையில் பட்டுத் தெறித்து வரும் தொலைசிவப்பே போதும். 'பக்கத்தில் ஆள் வந்துவிட்டான், முந்து' என்று காம்பு நீள ஆரம்பிக்கும். குழித்தட்டு நாற்றுகள் இலையோடு இலை தொட ஆரம்பித்ததும் நான்கைந்து நாளில் நெட்டையாகப் போவதற்குக் காரணம் இதுதான். உரம் காரணமில்லை.

மடை திறந்தபின்

பிஃப் திறக்கும் மடைகளில் முக்கியமானவை 'யுக்கா' குடும்ப மரபணுக்கள். கற்றாழை மாதிரி இருக்கும் யுக்காச் செடிக்கும் இந்தப் பெயருக்கும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஆக்ஸின் என்ற ஹார்மோன் செய்யும் வேலையின் கடைசிப் படியைக் கவனிக்கின்றன. ஆக்ஸின் பெரும்பாலும் இலைத்தாளில், அதாவது காம்பு போக இலையின் விரிந்த பகுதியில், உருவாகிறது. நீள வேண்டியதோ காம்பு. எனவே ஆக்ஸின் இலையிலிருந்து காம்புக்கு இறங்கி வருகிறது. பந்தல் அடியில் இருக்கும் செடியில் இலைத்தாளை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டுக் காம்பை விட்டுவைத்தால், அந்தக் காம்பு பெரிதாக நீளாமல் சில நாளில் பழுத்து உதிர்வதைப் பார்க்கலாம். உத்தரவு வரும் இடம் போய்விட்டது.

காம்புக்கு வந்த ஆக்ஸின் செய்வது செல்சுவரை இளக்குவது. ஆக்ஸினின் தூண்டுதலால் செல்லின் தோலில் உள்ள சின்னச் சின்னப் பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. சுவரில் புளிப்பு ஏறுகிறது. புளிப்பில்தான் எக்ஸ்பான்சின் என்ற புரதம் வேலை செய்யும். சுவரின் நார்களுக்கு நடுவே உள்ள பிடியைத் தளர்த்தும். செல்லுக்குள் ஏற்கெனவே தண்ணீர் அழுத்தம் இருப்பதால், தளர்ந்த சுவர் நீள்கிறது. நிழலில் காம்பு நீள்வது பெரும்பாலும் இப்படித்தான். செல்களின் எண்ணிக்கை அதிகமாகக் கூடுவதில்லை, இருக்கிற செல்களே நீள்கின்றன. நிழலில் நீண்ட காம்பு ஒல்லியாகவும் பிசுக்கென்று ஒடிவதாகவும் இருப்பதன் காரணம் இதுவே. பொருள் சேரவில்லை, இழுத்து நீட்டப்பட்டிருக்கிறது.

ஆக்ஸினுக்குப் பங்காளி ஜிப்ரலின் என்ற இன்னொரு ஹார்மோன். இந்த வழியில் டெல்லா என்ற புரதம் காவலாளி. அது பிஃப்பின் கையைப் பிடித்து வைத்திருக்கும். ஜிப்ரலின் வந்தால் டெல்லா அழிக்கப்படும், பிஃப்புக்கு விடுதலை. வடார்க்காட்டு நெல் விவசாயிகளுக்கு இந்தச் சமாச்சாரம் பெயர் தெரியாமலே பழக்கம். 1966இல் வந்த ஐ.ஆர். 8 குட்டையாக, சாயாமல் நின்றதற்குக் காரணம் ஜிப்ரலின் செய்யும் ஒரு மரபணு அதில் பழுதாகி இருந்ததே. எந்த மரபணு என்பது 2002இல்தான் தெரிந்தது. குட்டைக் கோதுமையில் கதை வேறு: அங்கே ஜிப்ரலின் குறைவில்லை, டெல்லா மாறிப்போய் ஜிப்ரலின் சொல்வதைக் கேட்பதில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் குட்டை. ஜிப்ரலின் தெளித்தால் முதலாவது நீளும், இரண்டாவது அசையாது. எந்த மரபணு பழுது என்று தேடுபவர்கள் முதலில் செய்யும் சோதனை இதுதான்.

மாந்தோப்புக்காரர்கள் பயன்படுத்தும் பாக்லோபியூட்ரசால் ஜிப்ரலின் உருவாவதைத் தடுக்கும் மருந்து. நாற்று நெட்டையாகாமல் இருக்க அதைத் தொடும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். அது மண்ணில் நெடுநாள் தங்கும். கொஞ்சம் கூடினாலும் நட்டபிறகும் செடி எழும்பாது. தட்டுகளை விலக்கி வைப்பது செலவில்லாத வைத்தியம். அதேபோல் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் ஜிப்ரலின் தெளித்து நீட்டுவதும் வீண்வேலை. நீளம் வரும், நிறமும் எடையும் வராது.

நீளம் ஒரு பக்கம் இருக்க, காம்பு வெறும் காம்பாக இருப்பதற்கே தனி மரபணுக்கள் வேண்டும். 'காம்பில் இலை' என்று பொருள்படும் பெயர் கொண்ட இரண்டு மரபணுக்கள் உண்டு. கடுகுக் குடும்பத்து ஆராய்ச்சிச் செடியான அராபிடாப்சிஸில் இவை இரண்டும் பழுதானால், காம்பின் இருபுறமும் இலைத்தாள் முளைத்துவிடுகிறது. அதாவது இந்த மரபணுக்களின் வேலை, 'இந்த இடத்தில் இலை வளரக்கூடாது' என்று மடையை அடைத்து வைப்பது.

சூடு

பைட்டோகுரோம்-பி வெளிச்சத்தை மட்டுமல்ல, சூட்டையும் உணர்கிறது என்பது 2016இல் நிரூபணமானது. சிவப்பு ஒளியால் விழித்த பைட்டோகுரோம் இருட்டில் மெல்ல மெல்லத் தூக்கத்துக்குத் திரும்பும். இரவு சூடாக இருந்தால் வேகமாகத் திரும்பும். பகலில் நல்ல வெயில் பட்ட நாற்றுகூடப் புழுக்கமான இரவுகளில் நீளுவது இதனால்தான். காம்பு நீண்டு இலை சற்றே மேல்நோக்கி நிமிர்ந்தால் சுற்றிக் காற்று ஓடும், இலை குளிரும். செடிக்கு அதில் லாபம் உண்டு. ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலும் ஒப்பிடுவது 22 டிகிரியையும் 28 டிகிரியையும். வேலூர் கத்திரி வெயிலில் 40ஐத் தாண்டும்போது நடப்பது வேறு. அங்கே செடி நீளப் பார்க்காது, பிழைக்கப் பார்க்கும்.

தொங்கும் தக்காளிக் காம்பு

ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளி வயலில் தண்ணீர் நின்றால் ஒரு நாளுக்குள் காம்புகள் கீழ்நோக்கி வளைந்துவிடும். பலர் இதை வாடல் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். இலையைத் தொட்டுப் பாருங்கள். வாடலில் இலை துவண்டு துணி மாதிரி இருக்கும். இங்கே இலை விறைப்பாக இருக்கும், காம்பு மட்டும் குடைக்கம்பி மாதிரி வளைந்திருக்கும்.

இதன் பின்னணி அழகானது. எத்திலீன் என்ற வாயு ஹார்மோனைச் செய்யக் கடைசிப் படியில் ஆக்சிஜன் வேண்டும். மூழ்கிய வேரில் ஆக்சிஜன் இல்லை. அதனால் எத்திலீனுக்கு முந்தைய சரக்கு வேரில் தேங்கி, தண்ணீரோடு மேலே ஏறி, காம்பில் காற்றைக் கண்டதும் எத்திலீனாக மாறுகிறது. அது காம்பின் மேல்பக்கச் செல்களை அதிகமாக நீட்டிவிடும். மேல்பக்கம் நீண்டு கீழ்ப்பக்கம் அப்படியே இருந்தால் காம்பு கீழே வளையாமல் என்ன செய்யும்? எத்திலீனை உணரும் புரதம் மாறிப்போன தக்காளி வகை ஒன்று உண்டு. 'ஒருபோதும் பழுக்காதது' என்று அதற்குப் பெயர். காயும் சரியாகப் பழுக்காது, தண்ணீரில் நின்றாலும் காம்பு வளையாது. ஒரே மரபணு, இரண்டு இடத்தில் விளைவு.

சிகிச்சை என்றால் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிடுவதுதான். வடிந்தபின் புதிதாக வரும் இலைகள் நேராக இருக்கும். பழைய காம்புகள் முழுதாக நிமிராமல் போகலாம், கவலைப்பட வேண்டாம்.

காம்பு வளைவதோடு முறுக்கிக்கொண்டும், புது இலைகள் குறுகி நாடா மாதிரியும் இருந்தால் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்துக் கரும்புக்கோ நெல்லுக்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். 2,4-டி என்பதே ஒரு செயற்கை ஆக்ஸின். செடியால் அதை எளிதில் சிதைக்க முடியாததால் மடை திறந்தது திறந்தபடி கிடக்கும். காற்றில் வருவதைவிட, களைக்கொல்லி அடித்த அதே ஸ்பிரேயரை நன்றாகக் கழுவாமல் தக்காளிக்கோ கத்தரிக்கோ பயன்படுத்துவது பெரிய ஆபத்து. களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

கத்தரி என்றதும் நம்மூர் இலவம்பாடி முள்ளு கத்தரியைச் சொல்லாமல் போக முடியாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்கேற்ப முள் உள்ள ரகம்; பறிக்கிறவர் கை அதற்குச் சாட்சி. உலகெங்கும் கத்தரியில் முள் உள்ள வகையும் இல்லாத வகையும் ஏன் இருக்கின்றன என்பதற்கு 2024இல் விடை கிடைத்தது. சைட்டோகைனின் என்ற ஹார்மோனைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் ஒரு மரபணு நன்றாக இருந்தால் முள் வரும். அது பழுதானால் முள் போய்விடும். கத்தரியின் சொந்தக்காரச் செடிகளிலும் ரோஜாவிலும்கூட இதே குடும்ப மரபணுதான் முள்ளுக்குக் காரணம். காம்பு நீள்வது ஆக்ஸின் வழி, அதில் முள் வருவது சைட்டோகைனின் வழி. ஒரே காம்பில் இரண்டு மடை.

மாடியிலேயே செய்து பார்க்க

வெள்ளரி விதை எடுங்கள். முள்ளங்கி வேண்டாம், அதன் காம்பின் இருபுறமும் குட்டி மடல்கள் ஒட்டியிருக்கும், காம்பு எங்கே முடிகிறது என்பதே தகராறாகிவிடும். வெள்ளரிக் காம்பு சுத்தமாகத் தெரியும். தவிர, பைட்டோகுரோம்-பி இல்லாத வெள்ளரித் திரிபு ஒன்று வெகுநாளாக ஆராய்ச்சியில் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் வளர்த்தாலும் நிழலில் வளர்ந்தது போல நெட்டையாகவே நிற்கும். உங்கள் செடி நிழலில் செய்யப்போவதை அது வெளிச்சத்திலேயே செய்கிறது.

12க்கு 12 அங்குலப் பை மூன்று. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு. மூன்று பைக்கும் ஒரே குவியலிலிருந்து நிரப்புங்கள். ஒரே பாக்கெட் விதை, பைக்கு ஐந்து, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். முதல் நிஜ இலை (முளைக்கும்போதே வரும் இரண்டு விதையிலைகளுக்கு அடுத்தது) விரிந்ததும் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அறும். இப்போது ஒரு பை திறந்த வெயிலில், ஒன்று 50 சதவீதக் கறுப்பு நிழல்வலைக்குக் கீழே, ஒன்று பீர்க்கன் அல்லது புடலைப் பந்தலுக்குக் கீழே.

கறுப்பு வலை ஏன் என்றால், அது வெளிச்சத்தின் அளவைக் குறைக்கும், நிறக் கலவையை மாற்றாது. பந்தல் இரண்டையும் மாற்றும். பச்சை வலையில் சிலது சிவப்பையும் கொஞ்சம் வடிகட்டிவிடும் என்பதால் இந்தச் சோதனைக்கு ஆகாது. நாற்றங்காலுக்கும் கறுப்பையோ வெள்ளையையோ தேர்ந்தெடுப்பது நல்லது என்பது இதிலிருந்தே தெரியும்.

மூன்று வாரம் கழித்து, கீழிருந்து எண்ணி மூன்றாவது நிஜ இலையை மட்டும் அளந்துகொள்ளுங்கள். காம்பு வளைந்திருக்கும், ஸ்கேல் சரிவராது. ஒரு நூலைக் காம்போடு ஒட்டி வைத்து, பிறகு நூலை அளக்கவும். தண்டில் கோணமொட்டு இருக்கும் இடம் தொடக்கம். நரம்புகள் விசிறி போலப் பிரியும் இடம் முடிவு. இலைத்தாளின் நீளத்தையும் எடுத்து, காம்பின் நீளத்தை அதனால் வகுங்கள். இந்த விகிதம்தான் பேசும். வெறும் சென்டிமீட்டர் ஏமாற்றும், ஏனென்றால் வெயிலில் உள்ள செடி மொத்தத்திலேயே பெரிதாக இருக்கலாம். வலைக்குக் கீழே விகிதம் ஓரளவு ஏறும், பந்தலுக்குக் கீழே அதைவிட நன்றாக ஏறும்.

சோதனை சொதப்புவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். வெயில் பை சீக்கிரம் காய்ந்துவிடும், மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் அது தாகத்தால் குட்டையாகும், நீங்கள் அதை வெளிச்சத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்; விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். நடுவில் ஒரு பைக்கு மட்டும் யூரியா கரைசல் விடுவது இன்னொன்று. தழைச்சத்து கூடினால் காம்பு எந்த வெளிச்சத்திலும் நீண்டு சதைக்கும். மூன்றாவது, ஒரு பையில் மூன்றாம் இலையையும் இன்னொன்றில் ஐந்தாம் இலையையும் அளப்பது. இளம் இலையின் காம்பு இன்னும் நீண்டு முடிந்திருக்காது.

கொத்தமல்லிக்குத் திரும்பினால், நெருக்கமாக விதைத்துக் காம்பை நீட்டும் பழைய வழக்கம் பிஃப்பை வேலை வாங்கும் வழிதான். தனியாவை இரண்டாக உடைத்து விதைத்து, இலை தொடும் அளவுக்கு நெருக்கம் இருந்தால் போதும். அதற்கு மேல் அடைத்தால் காற்று புகாமல் நாற்றழுகல் வரும். 35 முதல் 40 நாளில் அறுத்துவிட வேண்டும். வெயில் ஏறி, பகல் நீளும் மாதங்களில் தாமதித்தால் அந்த ஒடுங்கிய முடிச்சு திடீரென்று எழும்பி நிஜமான தண்டாகிவிடும். அதன்பின் வரும் இலைகள் சோம்பு இலை மாதிரி நூல்நூலாகப் பிரிந்திருக்கும். அவற்றுக்குக் காம்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது, தண்டைத் தழுவிய ஒரு சின்ன உறைதான்.